'வேர்' (where) போடறதா, 'இன் விச்' (in which) போடறதா? கொழிஞ்சாம்பாறை டியூஷன் மேசையில இருந்து ஒரு ஒப்பீடு

மொதல்ல என் தப்ப சொல்லிடறேன். போன வருஷம் டியூஷன் சென்டருக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சேன், பாலக்காடு ஜில்லா எல்லையோரத்துல இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் போற ரோட்டப் பாத்த மாதிரி மாடிச் சுவத்துல கட்டியிருக்கு. மேல தமிழ்ல ஒரு வரி, நடுவுல மலையாளத்துல ஒரு வரி, அடில பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல 'எ பிளேஸ் வேர் யூ கேன் லேர்ன் இங்கிலீஷ் இன்'. கட்டி பதினஞ்சு நாள் ஆச்சு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அப்பறம் ப்ளஸ் டூ படிக்கற ஒரு பொண்ணு வந்து, "ஏனுங் சார், அந்தக் கடைசி 'இன்' எதுக்குங்க?"ன்னா. ஃப்ளெக்ஸ் அடிச்ச பையன் மேல பழி போட்டுத் தப்பிக்கலாம்னா அதுவும் முடியல, என் கைப்பட எழுதிக் குடுத்த துண்டுச்சீட்டு அவன்கிட்ட இன்னும் இருக்குது.

வெக்கமா இருந்துச்சு, ஆனா யோசிச்சா அந்த 'இன்' சும்மா வந்து ஒட்டிக்கல. அதே வரிய நாலு விதமா எழுதலாம், நான் ரெண்டு விதத்த ஒரே வரில போட்டுக் குழப்பிட்டேன், அவ்வளவுதான். இந்த நாலுல எத எப்ப எடுக்கறதுங்கறதுதான் இந்தப் பதிவு. என்கிட்ட படிக்கறவங்கள்ல பாதிப் பேரு நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக பரீட்சை எழுதறவங்க, மீதிப் பேரு பள்ளிக்கூடப் புள்ளைங்க, நடுவுல ஒண்ணு ரெண்டு பெரியவங்க ஆஃபீஸுக்கு மனு எழுதிக் குடுக்கச் சொல்லி வருவாங்க. இந்த மூணு கூட்டத்துக்கும் ஒரே பதில் செல்லாது.

நாலு விதமும் இதுதான். வீட்ட வச்சே சொல்றேன். 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ்', இது ஒண்ணு. 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்', கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டது. 'தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்', இல்ல 'தட் ஐ லிவ் இன்', இதுல 'இன்' கடைசிக்குப் போயிடுது. நாலாவது 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்', 'வேர்' 'விச்' 'தட்' எதுவுமே இல்லாம மொட்டையா, ஆனா கடைசி 'இன்' இருக்கும். தப்பு எதெல்லாம்னா 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்', 'இன்' தொலைஞ்சு போச்சு. 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்', 'இன்' கூடுதல், என் ஃப்ளெக்ஸ் கேஸ். 'தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்', இது எங்கயும் ஓடாது, 'தட்'டுக்கு முன்னாடி 'இன்' 'ஆன்' எதுவும் உக்காராது.

நம்மாளுங்க இந்த மூணு தப்பையும் ஏன் திரும்பத் திரும்ப பண்றோம்னா, தமிழ்ல இந்தத் தொல்லையே கிடையாது. 'நான் இருக்கற வீடு', முடிஞ்சது. அந்த 'இருக்கற'வுக்குள்ள 'ல'வும் இல்ல, 'எங்க'வும் இல்ல. வீட்டுக்கும் இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவன் தானா புரிஞ்சுக்கணும், புரிஞ்சுக்கறான். நன்னூல்ல பெயரெச்சத்துக்குச் சொல்ற கணக்கு இதுதான், செய்யறவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள்னு ஆறுல எது வேணாலும் அதுக்குப் பின்னாடி வந்து நிக்கலாம். பழைய உதாரணம் 'உண்ட' வச்சு வரும், நம்ம பேச்சுல 'சாப்பிட்ட'. சாப்பிட்ட ஆளு, சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட வீடு, சாப்பிட்ட நாளு, சாப்பிட்ட சோறு. வார்த்தை ஒண்ணு மாறுதா பாருங்க, இல்ல. இப்ப இத இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. ஆளுக்கு 'ஹூ', தட்டுக்கு 'ஃப்ரம் விச்', வீட்டுக்கு 'வேர்', நாளுக்கு 'வென்', சோத்துக்கு 'தட்'. நாம ஒரு சாவில திறக்கற அஞ்சு கதவுக்கு இங்கிலீஷ்காரன் அஞ்சு சாவி வச்சிருக்கான்.

எல்லை தாண்டிப் போனாலும் இதே கதைதான். மலையாளத்துல 'ஞான் தாமசிக்குன்ன வீடு', தெலுங்குல 'நேனு உண்டுன்ன இல்லு'. ரெண்டுலயும் 'எங்க'ங்கற வார்த்தை இல்ல. ஆந்திராவுல சித்தூர் பக்கம் குப்பத்துல என் மச்சான் ஒருத்தர் இங்கிலீஷ் டீச்சர், போன்ல பேசறப்ப இந்தத் தப்பச் சொன்னா "எங்க பசங்களும் அச்சு அசலா இதேதான் மாமா எழுதறாங்க"ங்கறாரு. அதனால தமிழ் மீடியம் பையன்னு தனியா யாரும் கூசிக்க வேண்டாம், பக்கத்துல உக்காந்திருக்கற மலையாளம் மீடியம் பையனும் "மாஷே"ன்னு கூப்புட்டுட்டு அதே 'ஹவுஸ் விச் ஐ லிவ்'வ நீட்டறான்.

சரி, எந்தச் சாவின்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? நான் சொல்லிக் குடுக்கறது ஒரு நாட்டு வைத்தியம். அந்தப் பெயரெச்சத்தப் பிரிச்சு முழு வாக்கியமாக்குங்க, அப்ப பெயருக்குப் பின்னாடி என்ன உருபு ஒட்டுதுன்னு பாருங்க. 'நான் இருக்கற வீடு', பிரிச்சா 'வீட்டுல இருக்கேன்'. 'ல' வந்துச்சு, அப்ப 'வேர்' இல்லாட்டி 'இன் விச்'. 'நான் வாங்கின வீடு', பிரிச்சா 'வீட்ட வாங்கினேன்'. 'ல' இல்ல, 'ஐ' உருபு, அப்ப 'விச்' இல்லாட்டி 'தட்', 'வேர்' கூடாது. 'நான் வந்த ஊரு'ன்னா ரெண்டு அர்த்தம், 'ஊருக்கு வந்தேன்'னா 'டு விச்', 'ஊர்ல இருந்து வந்தேன்'னா 'ஃப்ரம் விச்', இந்த 'ஃப்ரம்' மட்டும் எந்தக் காலத்துலயும் விட்டுடக்கூடாது, விட்டா போனதா வந்ததான்னே தெரியாது. பாருங்க, பொருள் வீடா ஊராங்கறது இங்க ஒரு விஷயமே இல்ல. 'இடத்தோட பேரு வந்தா வேர்'னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்க பாருங்க, பாதித் தப்பு அங்க இருந்துதான் பொறக்குது. வீடு இடம்தான், ஆனா வாங்கற வீடு இடம் இல்ல, சரக்கு.

இந்த வைத்தியத்துக்கும் ஒரு பத்தியம் உண்டு. நம்ம உருபும் அவங்க வினையும் ஒத்துப்போகாத எடங்கள் கொஞ்சம் இருக்கு. மலம்புழா டேமுக்குப் போனோம்னு நாம 'க்கு' போடறோம், ஆனா 'விசிட்'டுக்கு இங்கிலீஷ்ல 'டு' கிடையாது. அதனால 'தி டேம் வேர் வீ விசிட்டட்' தப்பு, 'தி டேம் தட் வீ விசிட்டட்'. அதே டேமுக்கு 'வென்ட்' போட்டா 'தி டேம் வேர் வீ வென்ட்' சரி. 'ரீச்' 'என்டர்' 'லீவ்' மூணும் 'விசிட்' ஜாதிதான். டூர் போயிட்டு வந்து கட்டுரை எழுதச் சொன்னா கிளாஸ்ல முக்கால்வாசிப் பேரு 'வேர் வீ விசிட்டட்'ல விழுந்து எந்திரிப்பாங்க. இத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கறத தவிர வேற வழி எனக்குத் தெரியல.

இப்ப நெசமான இடங்களுக்கு மட்டும் பாத்தா, என் ஓட்டு கண்ண மூடிட்டு 'வேர்'க்குத்தான். காரணம் ரொம்ப சிம்பிள். 'இன் விச்' எழுதணும்னா 'இன்'னா 'ஆன்'னா 'அட்'டான்னு முடிவு பண்ணியாகணும். நமக்கு ஸ்கூல்லயும் 'ல', மேசைலயும் 'ல', பஸ் ஸ்டாப்புலயும் 'ல'. அவனுக்கு ஸ்கூல்னா 'அட்', மேசைன்னா 'ஆன்', பெட்டின்னா 'இன்'. 'வேர்' மூணையும் முழுங்கிடும். 'தி ஸ்டாப் வேர் ஐ வெய்ட்', 'தி ரூம் வேர் ஐ ஸ்லீப்', ஒண்ணும் யோசிக்க வேண்டாம். தமிழ் 'ல'வுக்கு இங்கிலீஷ்ல ஒரு அண்ணன் தம்பி உண்டுன்னா அது 'வேர்'தான். இதே காரணத்தாலதான் சில எடத்துல அது பத்தாமயும் போகும். 'தி டேபிள் வேர் ஐ ஃபவுண்ட் தி கீ'ன்னா சாவி மேசை மேலயா அடிலயா? அது முக்கியம்னா 'அண்டர் விச்'னு சொல்லித்தான் ஆகணும். (தமிழ்ல வேர்னா மரத்தோட வேரு, கிளாஸ்ல 'வேர் போடு'ன்னா கடைசி பெஞ்சு சிரிக்கும், இருபது வருஷமா அதே சிரிப்பு.)

கடைசில 'இன்' விடறது தப்புன்னு ஒரு பழைய பயம் இருக்குதே, அத ஒரு வரில முடிச்சிடலாம். டிரைடன்ங்கற இங்கிலீஷ் கவிஞர் 1672ல பென் ஜான்சனோட ஒரு வரிய எடுத்து வச்சு இது சரியில்லைன்னு சொன்னாரு, அதப் புடிச்சுக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் வாத்தியாருங்க செவப்பு மைய ஊத்தறாங்க. 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' நல்ல இங்கிலீஷ், பேச்சுல அதுதான் ரொம்ப இயல்பு, பயப்படாம எழுதலாம். ஆனா அந்த 'இன்' வினைகிட்டயே ஒட்டி நிக்கணும், நடுவுல எட்டு வார்த்தை வந்துட்டா படிக்கறவன் அது யாரோட 'இன்'னு தேடிட்டு இருப்பான்.

மொட்டையா விடறதுல ஒரு சின்ன வேடிக்கை. 'தி பிளேஸ் வீ மெட்' சரி, அங்க 'இன்'னும் வேண்டாம், 'வேர்'ரும் வேண்டாம். ஆனா 'தி ஹவுஸ் வீ மெட்'னா முழிப்பாங்க, நாங்க வீட்டச் சந்திச்சோம்ங்கற மாதிரி கேக்கும். 'பிளேஸ்'ங்கற வார்த்தைக்கு மட்டும் அந்தச் சலுகை, அதே மாதிரி 'டே', 'டைம்', 'வே', 'ரீசன்'. 'தி டே வீ மெட்', 'தி வே ஷீ டாக்ஸ்'. ரொம்பப் பொதுவான பேருக்குத்தான் அந்தப் பாஸ்.

இனிதான் நெசமான தலைவலி. இடமே இல்லாத இடங்கள்.

எங்க ஊர்ப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், வேலந்தாவளத்துல தமிழ்நாடு எங்க முடியுது கேரளா எங்க ஆரம்பிக்குதுன்னு நடந்து போறவனுக்குத் தெரியாது. அதே தென்னை, அதே காத்து, கடை போர்டுல எழுத்து மாறறப்பதான் ஓ தாண்டிட்டோமான்னு இருக்கும். 'வேர்'ரும் அப்படித்தான் வீடு, ஊரு, ரோடுன்னு போயிட்டே இருந்து எப்ப 'நிலைமை', 'கட்டம்', 'விஷயம்'னு போயிடுச்சுன்னே தெரியாது. தமிழ்லயும் இதே பழக்கம்தானே. 'அந்த எடத்துலதான் அவன் தப்புப் பண்ணிட்டான்'னு சொல்றப்ப எந்த எடம்? எடமே இல்ல, பேச்சுல ஒரு கட்டம். தொல்காப்பியத்துலயே ஏழாம் வேற்றுமையச் சொல்றப்ப வினை செய்யற இடம், நிலம், காலம்னு மூணையும் ஒரே கூரைக்குக் கீழதான் வச்சிருக்கு. அதனால 'சிச்சுவேஷன் வேர்', 'இயர் வேர்', 'மெத்தட் வேர்'னு நம்ம கை ஓடறது இயற்கைதான். நமக்கு எல்லாத்துக்கும் 'ல'. நிலைமைல, வருஷத்துல, முறைல.

ஆனா இங்கிலீஷ்காரன் அந்த மூணுக்கும் ஒரே பாஸ் குடுக்க மாட்டான். 'சிச்சுவேஷன்', 'கேஸ்', 'பாயின்ட்', 'ஸ்டேஜ்', 'பொசிஷன்' இதெல்லாம் 'வேர்' கூட குடும்பமே நடத்துது, 'எ சிச்சுவேஷன் வேர் நோபடி இஸ் ரைட்', 'வீ ஹேவ் ரீச்ட் எ பாயின்ட் வேர் வீ கேனாட் வெய்ட்', இத யாராச்சும் தப்புன்னா அவங்கள விட்டுத் தள்ளிடுங்க, அகராதிகளே இந்தப் பொருள எடுத்துக்கிட்டாச்சு. அந்த வார்த்தைகளோட வயித்துலயே ஒரு இடம் இருக்கு, 'பொசிஷன்'னா நிக்கற எடம், 'ஸ்டேஜ்'னா ஏறி நிக்கற மேடை, 'பாயின்ட்'னா புள்ளி. நாம 'நிலை'ங்கறமே அதுவும் நிக்கறதுல இருந்து வந்ததுதானே.

அடுத்த வட்டம் 'ஜாப்', 'ரிலேஷன்ஷிப்', 'ஸ்டோரி', 'கேம்'. 'எ ஜாப் வேர் யூ ஸ்டாண்ட் ஆல் டே', பேச்சுலயும் வாட்ஸ்அப்லயும் ஜம்முனு போகும், பரீட்சைக் கட்டுரைலயும் பெருசா யாரும் கத்த மாட்டாங்க, ஆனா கொஞ்சம் கறாரான ஆளு திருத்தினா 'இன் விச்'னு மாத்துவாரு. எனக்கு இதுல ரெண்டும் ஒண்ணுதான்.

அதுக்கு அடுத்து வர்றதுதான் மாட்டிக்கற எடம். 'அக்ரிமென்ட்', 'லா', 'ஸ்கீம்', 'மெத்தட்', 'தியரி'. எங்க தாலூக்காவுல தண்ணி ஒப்பந்தம் பத்தி எழுதாத கட்டுரை கிடையாது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், 1970ல கையெழுத்தாச்சு, 1958ல இருந்தே செல்லுபடின்னு எழுதினாங்க, சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்கு மணக்கடவு அணைல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வரணும்ங்கறது இங்க வெவசாயம் பண்ற எல்லாருக்கும் ஏடிஎம் பின் நம்பர் மாதிரி ஞாபகம் இருக்கும். இத ஒரு பத்தாங்கிளாஸ் பையன் எழுதினான், 'அன் அக்ரிமென்ட் வேர் கேரளா கெட்ஸ் 7.25 டிஎம்சி'. புரியுதா, புரியுது. ஆனா ஒப்பந்தத்துக்குள்ள தண்ணி ஓடாது, ஒப்பந்தத்துப்படி ஓடும். 'படி'ன்னு தமிழ்ல சொல்றோமே, அந்த உருபப் புடிச்சிட்டா இங்கிலீஷ்ல 'அண்டர் விச்' தானா வந்துடும். 'அன் அக்ரிமென்ட் அண்டர் விச் கேரளா கெட்ஸ்'. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இதே 'அண்டர் விச்'. முறைக்கு, மெத்தட்டுக்கு, 'பை விச்' இல்லாட்டி 'இன் விச்'. 'வேர்பை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, பாக்க 'வேர்' மாதிரியே இருக்கும், ஆனா அர்த்தம் 'எதன் மூலமா'. 'எ சிஸ்டம் வேர்பை', ஆபீஸ் எழுத்துக்கு நல்லா உக்காரும். 'வேரின்'னு இன்னொண்ணு, பத்திர எழுத்தர்கிட்டயே விட்டுடுங்க.

வருஷம், நாளு, மாசம் வந்தா 'வேர்'ர மறந்துடணும். 1956 நவம்பர் 1, அன்னிக்குத்தான் மலபார் ஜில்லாவோட சேந்து இருந்த பாலக்காடு மெட்ராஸ் ராஜ்யத்த விட்டு கேரளாவுக்கு வந்துச்சு, அதே நாளு கன்னியாகுமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சில இருந்து மெட்ராஸ் பக்கம் போச்சு. 'தி இயர் வேர் பாலக்காடு பிகேம் பார்ட் ஆஃப் கேரளா'ன்னு எழுதினா வருஷத்த ஒரு கிராமம் ஆக்கிட்ட மாதிரி. 'தி இயர் வென்', 'தி இயர் இன் விச்', நாளுன்னா 'தி டே ஆன் விச்', இல்ல மொட்டையா 'தி டே பாலக்காடு ஜாயின்ட் கேரளா'. இப்பல்லாம் யூடியூப்ல 'எ டே வேர்'னு அவங்க ஊர்க்காரங்களே பேசறாங்க, பேசட்டும், நம்ம பேப்பரத் திருத்தறது அவங்க இல்ல.

கடைசி வட்டம், செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பற கேஸு. 'எக்ஸ்டென்ட்', 'ரேட்', 'வே', 'ரீசன்', 'பேசிஸ்'. 'தி எக்ஸ்டென்ட் டு விச்', 'தி ரேட் அட் விச்', 'தி பேசிஸ் ஆன் விச்', இதுங்க எல்லாம் ஜோடி போட்டுத்தான் திரியும். 'தி வே இன் விச்', இல்லாட்டி வெறும் 'தி வே'. 'தி ரீசன் வை'. 'தி வே வேர்'னு எழுதினா எவ்வளவு நல்ல கட்டுரையா இருந்தாலும் அந்த ஒரு எடத்துல ஆளு கீழ விழுந்துடுவான். இதுக்கு வைத்தியம் கிடையாது, ஜோடியோட மனப்பாடம்.

இன்னொண்ணு, இது ஒப்பீடுல சேராதுன்னாலும் சொல்லிடறேன். 'ட்ரவுட் இஸ் வேர் தேர் இஸ் நோ ரெயின்'னு வறட்சிக்கு விளக்கம் எழுதற பழக்கம். 'வறட்சின்னா மழை இல்லாதது'ன்னு நாம பேசறதோட நேர் நகல். விளக்கம் எழுதறப்ப 'இஸ் வேர்', 'இஸ் வென்' ரெண்டுமே வேண்டாம், 'எ பீரியட் இன் விச்'னு ஒரு பேர நடுவுல வச்சுட்டா மார்க்கு நிக்கும்.

'நெசமான இடத்துக்கு மட்டும்தான் வேர், மத்ததுக்கு எல்லாம் இன் விச்'னு கோச்சிங் நோட்டுல ஒரு கறார் விதி சுத்துதே, அது பெரும்பாலும் ஜிமேட்டுன்னு எம்பிஏ சேர எழுதற பரீட்சைப் பசங்க வழியா வந்தது. அந்தப் பரீட்சைல வாக்கியம் திருத்தற கேள்வி இருந்த காலத்துல அப்படி எடுத்துக்கறது பாதுகாப்பா இருந்துச்சு, நியாயம்தான். 2023 கடைசில வந்த புது வடிவத்துல அந்தக் கேள்வியே இல்ல. கேள்வி போயிடுச்சு, விதி மட்டும் ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா எங்க மேசை வரைக்கும் வந்து நிக்குது. அது இங்கிலீஷோட விதி இல்ல, ஒரு பரீட்சையோட பத்தியம். அத நம்பி 'தி சிச்சுவேஷன் இன் விச்', 'தி பாயின்ட் அட் விச்', 'தி கேஸ் இன் விச்'னு ஒரே பாரால மூணு 'விச்' போட்ட கட்டுரைய நான் திருத்தியிருக்கேன், வாய்ல உமி போட்டு மென்ன மாதிரி இருந்துச்சு.

நர்ஸ் பொண்ணுங்க விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் உண்மையான முடிவு எடுக்க வேண்டிய எடம். ஓஇடி, அதாவது நர்ஸ் மாதிரி ஆஸ்பத்திரி வேலைக்காரங்களுக்குன்னு இருக்கற இங்கிலீஷ் பரீட்சை, அதுல எழுத்துப் பரீட்சைன்னா ஒரு லெட்டர், கேஸ் நோட்டப் படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம், 180ல இருந்து 200 வார்த்தை. இதுல ஒவ்வொரு வார்த்தையும் காசு. ஒரு பொண்ணு எழுதினது அப்படியே ஞாபகம் இருக்கு, 'தி வார்ட் இன் விச் ஷீ வாஸ் அட்மிட்டட் இன்'. என் ஃப்ளெக்ஸோட தங்கச்சி. அதுலயும் 'அட்மிட்'டுக்கு 'டு' வரணும், 'இன்' இல்ல. வார்டுல சேத்தாங்கன்னு நாம 'ல' போடறோம் பாருங்க, பத்தியம் தவறின கேஸு. நான் அந்தப் பொண்ணுகிட்ட மூணு விதமா எழுதிக் காட்டினேன், 'டு விச் ஷீ வாஸ் அட்மிட்டட்', 'வேர் ஷீ வாஸ் அட்மிட்டட்', மூணாவது அந்த 'விச்' ஒட்டையே எடுத்துட்டு 'ஷீ வாஸ் அட்மிட்டட் டு தி சர்ஜிக்கல் வார்ட்'. "எதுங்க சார் நல்லது?"ன்னா. மூணாவதுதான்மா. படிக்கற டாக்டருக்கு அங்க ஒட்டு வேலையே வேண்டாம், ரெண்டு சின்ன வாக்கியம் ஒரு பெரிய வாக்கியத்த விட சீக்கிரம் உள்ள போகும். 'வேர்'ரா 'இன் விச்'சான்னு மண்டைய ஒடச்சுக்கறப்ப, வாக்கியத்தப் பிரிச்சுடறதுன்னு ஒரு அஞ்சாவது வழி இருக்கறதே மறந்துடுது. அந்தப் பொண்ணு கேக்கல, "பெரிய வாக்கியம் எழுதினாத்தான் மார்க்குன்னு சொல்றாங்களே சார்"ன்னு மொகத்த தூக்கி வச்சுக்கிட்டா. கடைசில ஒரு லெட்டர்ல ஒரே ஒரு 'இன் விச்', அதுவும் உருபு சந்தேகமே இல்லாத எடத்துல மட்டும்னு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

கட்டுரை எழுதற கூட்டத்துக்கு, ஐயெல்ட்ஸ் மாதிரி 250 வார்த்தை, எடத்துக்கும் 'சிச்சுவேஷன்' குடும்பத்துக்கும் 'வேர்', சட்டம் திட்டத்துக்கு 'அண்டர் விச்', வருஷத்துக்கு 'வென்', ஜோடி வார்த்தைங்களுக்கு ஜோடி. இதுக்கு மேல அலங்காரம் வேண்டாம். பள்ளிக்கூடப் பரீட்சைல ரெண்டு வாக்கியத்தச் சேக்கச் சொல்லிக் கேட்டா கேள்வி என்ன வார்த்தை கேக்குதோ அது, அங்க நம்ம ரசனைக்கு வேலை இல்ல.

ஊரு பேருக்கு அப்பறம் 'வேர்' வந்தா ஒரு கமா. 'கொழிஞ்சாம்பாறை, வேர் ஐ லிவ்,'. கமா இல்லாட்டி கொழிஞ்சாம்பாறை நாலஞ்சு இருக்கற மாதிரியும் நான் இருக்கற கொழிஞ்சாம்பாறை ஒண்ணு மாதிரியும் ஆயிடும். கமா போட்ட எடத்துல 'தட்' வராது, 'விச்'தான்.

மனு எழுத வர்ற பெரியவங்கதான் எனக்குப் புடிச்ச கூட்டம். ஒரு தாத்தா, வயசு எண்பதுக்கு மேல இருக்கும், பூமி பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம், ரெண்டு ஆஃபீஸுக்கும் மனு. அவரே ஒரு வரி இங்கிலீஷ்ல எழுதிட்டு வந்திருந்தாரு, 'தி லேண்ட் வேர் ஐ ஆம் போர்ன் அண்ட் வேர் ஐ ஆம் கல்டிவேட்டிங் அண்ட் வேர் மை ஃபாதர் இஸ் பரீட்'. இலக்கணப்படி மொத 'ஆம்'ம 'வாஸ்' ஆக்கணும், ரெண்டாவதுல 'கல்டிவேட்'டுக்கு நெலம் செயப்படுபொருள், பூமிய உழறேன், பூமில இல்ல, அப்ப 'விச்'னு மாத்தணும். பேனாவ எடுத்துட்டு வச்சுட்டேன். பொறந்ததும் உழுததும் அப்பன பொதச்சதும் அவருக்கு ஒரே 'ல'தான், அந்த மூணு 'வேர்'ருல ஒண்ண எடுத்தா மனு படுத்துடும். 'வாஸ்' மட்டும் திருத்திக் குடுத்தேன், கூலி எவ்வளவுன்னாரு, டீ வாங்கிக் குடுங்க தாத்தான்னேன்.

ஃப்ளெக்ஸ் இன்னும் மாத்தல. புதுசா அடிக்க ஆயிரத்துக்கு மேல கேட்டாங்க, அதனால அந்த 'இன்' மேல வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி ஒட்டியிருக்கேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இங்க சாதாரணக் காத்து இல்ல, ஆடி மாசம் வந்தா ஸ்டிக்கரோட ஒரு மூலை தூக்கிக்குது, 'இன்'னு எட்டிப் பாக்குது, அந்த ப்ளஸ் டூ பொண்ணு படியேறி வர்றப்பல்லாம் ஒரு நிமிஷம் நின்னு கட்டைவிரலால அமுக்கிட்டு மேல வர்றா.